குழாய்க்குள் ஒரு சின்ன நடுக்கம்: கசிவா இல்லையா என்று கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்கிறது?

2023 டிசம்பர் 26, ராத்திரி. மிக்ஜாம் புயல் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு சுனாமி நினைவு நாள் வேறு. எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவை ஒட்டி ஜனங்கள் கண் எரிந்து, தொண்டை அடைத்து எழுந்தார்கள். என்ன ஏது என்று தெரியாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். சின்னகுப்பத்திலும் அதே கதை. 50க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கே உரத் தொழிற்சாலை நடத்தும் கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனம் பிறகு ஒரு விளக்கம் கொடுத்தது. ராத்திரி 11.30 மணிக்கு, கரையோரம் கடலடியில் போகும் அமோனியா குழாயில் வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கவனித்தோம், உடனே நடைமுறைப்படி அமைப்பைத் துண்டித்து நிலைமையைச் சீராக்கினோம் என்றது அது. கப்பலில் இருந்து அமோனியாவை இறக்குவதற்காகக் குழாயை முன்கூட்டியே குளிர வைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது அழுத்தம் குறைந்தது தெரிய வந்தது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன தகவல்.

ஆக, அந்த ராத்திரி இரண்டு அலாரம் அடித்திருக்கிறது. ஒன்று, தொழிற்சாலைக்குள் ஒரு எண்ணாக. இன்னொன்று, குப்பத்தில் ஒரு நெடியாக. இரண்டுக்கும் நடுவில் கம்பி கிடையாது.

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி வேலைக்குப் போகிற நம்மில் பலருக்கு டேஷ்போர்டு, அலர்ட் எல்லாம் தினப்படி சோறு. எந்த அலர்ட்டைப் பார்க்க வேண்டும், எதை ம்யூட்டில் போடலாம் என்று நமக்கே ஒரு கணக்கு இருக்கும். நம்ம பகுதியின் காலுக்கடியில் ஓடுகிற குழாய்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். அது என்ன கணக்கு, யாருக்குச் சாதகமான கணக்கு என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் இது.

அழுத்தம் குறைந்தால் கசிவுதானே?

அவ்வளவு சுலபமாக இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம்.

நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் ஷவரில் தண்ணி மெலிகிறது. அதற்காகப் பைப் உடைந்துவிட்டது என்று பிளம்பரைக் கூப்பிடுவோமா? காரணம் நமக்குத் தெரியும், அதனால் சும்மா இருப்போம். தொழிற்சாலைக் குழாயிலும் இதேதான். பம்ப் நின்றால் அழுத்தம் குறையும். அந்தப் பக்கம் ஒரு வால்வு திறந்தால் குறையும். வெயில் இறங்கி உள்ளே இருக்கிற திரவம் குளிர்ந்தாலும் குறையும். கப்பலில் இருப்பவர் பம்ப் வேகத்தை மாற்றினாலும் குறையும். இவ்வளவு நியாயமான காரணங்களுக்கு நடுவில், குழாயில் ஓட்டை விழுந்தாலும் அழுத்தம் குறையும்.

அமோனியா இதில் இன்னும் கொஞ்சம் சிக்கல் பிடித்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். கப்பலில் அதைக் குளிர வைத்துத் திரவமாகக் கொண்டுவருகிறார்கள். நம்ம ஊர்க் கடலடியில் சும்மா கிடந்த குழாய்க்குள் அப்படியே அனுப்பினால் குபுகுபுவென்று கொதித்து ஆவியாகிவிடும். அதனால்தான் முதலில் குழாயைக் குளிர வைக்கிறார்கள். இந்த நேரத்தில் குழாய்க்குள் பாதி ஆவி, பாதி திரவம் கிடக்கும். அழுத்தம் தானாகவே ஏறும், இறங்கும், ஆடும். எதுவுமே நிலையாக இல்லாத இந்த நேரத்தில்தான் எது இயல்பான ஆட்டம், எது கசிவு என்று பிரித்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம். எண்ணூரில் அழுத்தம் விழுந்ததும் இந்த நேரத்தில்தான்.

நிஜக் குழாய்க்கு ஒரு நிழல் குழாய்

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி உண்மையிலேயே அழகானது. நிஜக் குழாய் மண்ணுக்கடியில் ஓடும்போதே, கம்ப்யூட்டருக்குள் அதே நீளம், அதே விட்டம், அதே வளைவுகளோடு ஒரு நிழல் குழாயை ஓட விடுகிறார்கள். சிமுலேஷன் என்பது இதுதான். நிஜக் குழாயின் இரு முனைகளிலும் இருக்கிற சென்சார்கள் அழுத்தம், ஓட்டம், வெப்பநிலையை நொடிக்கு நொடி அனுப்பும். நிழல் குழாய் அதை வாங்கிக்கொண்டு, நிறை, வேகம், ஆற்றல் ஆகியவற்றுக்கான சமன்பாடுகளைத் தீர்த்து, ‘இந்த நிலைமையில் இந்த இடத்தில் இவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும்’ என்று சொல்லும்.

பம்ப் நின்றது என்று வைத்துக்கொள்வோம். நிஜக் குழாயில் அழுத்தம் விழும். நிழல் குழாயிலும் விழும், ஏனென்றால் அதற்கும் பம்ப் நின்றது தெரியும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் பிரச்சினை இல்லை. நிஜத்தில் விழுந்து நிழலில் விழாமல் இருந்தால்தான் சந்தேகம். ஷவர் உதாரணத்தில், சமையலறையில் குழாய் திறந்த சத்தம் கேட்டது நமக்கு. சத்தம் கேட்காமலே தண்ணி மெலிந்தால் எழுந்துபோய்ப் பார்ப்போம் இல்லையா, அது மாதிரி.

இன்னொரு உபாயமும் உண்டு. ஓட்டை விழுந்த கணத்தில் அங்கிருந்து ஒரு அழுத்தக் குறைவு அலை இரண்டு பக்கமும் கிளம்பும். கச்சா எண்ணெயில் அது நொடிக்குச் சுமார் 1,000 மீட்டர் போகும். 10 கிலோமீட்டர் குழாய் ஒன்றில் அந்த அலை இடது முனைக்கு வலது முனையைவிட 4 நொடி முன்னாடி வந்து சேர்ந்தால், ஓட்டை இடது முனையில் இருந்து 3 கிலோமீட்டரில் இருக்கிறது. 3 நொடி இந்தப் பக்கம், 7 நொடி அந்தப் பக்கம், வித்தியாசம் 4. பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் குழாய்க்குள் ஆவியும் திரவமும் கலந்து கிடந்தால் அலையின் வேகமே நிலையாக இருக்காது, கணக்கு குளறும்.

இனிதான் வகைப்பாடு

நிழலுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் எப்போதுமே கொஞ்சம் இருக்கும். சென்சார் துல்லியம் குறையும், சமன்பாடு நூறு சதவீதம் சரியாக இருக்காது. அப்போ எவ்வளவு வித்தியாசம் வந்தால் கசிவு என்று அறிவிப்பது? இந்தச் சிக்னலை எந்தப் பெட்டியில் போடுவது? ‘இயல்பு’ பெட்டியிலா, ‘கசிவு’ பெட்டியிலா?

பெட்டியில் போடுகிற வேலையில் தவறு நடப்பதற்கு நம்ம ஊர்ப் பெயரே சாட்சி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. காலெட் பேட்டை. ‘காலெட்’ என்ற பழக்கமில்லாத சத்தத்தை ஊர்க் காது தனக்குத் தெரிந்த பெட்டியில் போட்டது: காலடி. வகைப்படுத்தும் எந்த இயந்திரமும் செய்வது இதைத்தான். முன்னே பின்னே பார்க்காத ஒன்று வந்தால், தெரிந்ததில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பெட்டியில் தள்ளிவிடும். ஊர்ப் பெயரில் நடந்தால் ரசிக்கலாம். அமோனியா குழாயில் நடந்தால் ரசிக்க முடியாது.

இதில் இரண்டு விதமான தவறு உண்டு. கசிவே இல்லாமல் அலாரம் அடிப்பது ஒன்று. கசிவு இருந்தும் அடிக்காமல் இருப்பது இன்னொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க வேண்டுமென்றால் நல்ல சென்சார், அதிக சென்சார், நல்ல மாடல் வேண்டும். அதாவது காசு வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு அமைப்பு நொடிக்கு ஒரு தடவை ‘கசிவா?’ என்று கேட்டுக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 86,400 தடவை. பத்தாயிரத்தில் ஒரு தடவைதான் தப்பாகச் சொல்லும் என்றாலும், ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது பொய் அலாரம். வருஷத்துக்கு மூவாயிரத்துக்கு மேல். நிஜக் கசிவோ பல வருஷத்துக்கு ஒன்று. கண்ட்ரோல் ரூமில் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருப்பவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் புரியும். மூவாயிரம் தடவை எழுந்து பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தவர், அடுத்த தடவை எப்படி எழுந்திருப்பார்?

அதனால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்றால், கொஞ்ச நேரம் பொறுத்திருந்து பார்க்கிறார்கள். வித்தியாசம் ஒரு நொடி வந்து போனால் விட்டுவிடு, தொடர்ந்து சில நிமிஷம் நீடித்தால் அடி. இதற்கு அடிப்படையான கணித முறையை ஆபிரகாம் வால்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ராணுவத் தளவாடங்களின் தரம் பார்ப்பதற்காக உருவாக்கினார். இன்றைக்கு எண்ணெய்க் குழாய்க் கசிவு கண்டுபிடிக்கும் மென்பொருள்களில் அது ஓடுகிறது. நல்ல முறைதான். ஆனால் ‘பொறுத்திருக்கும் நிமிஷங்கள்’ என்பது யாருடைய நிமிஷங்கள்? குழாய் ஓரத்தில் தூங்குகிறவர்களுடையது.

17 மணி நேரம் அலாரம் அடித்த கதை

2010 ஜூலை 25. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மார்ஷல் என்ற சின்ன ஊர் பக்கத்தில், என்பிரிட்ஜ் நிறுவனத்தின் லைன் 6பி என்ற எண்ணெய்க் குழாய் கிழிந்தது. சுமார் ஆறரை அடி நீளத்துக்குக் கிழிசல். கண்ட்ரோல் ரூம் இருந்தது கனடாவின் எட்மன்டனில். அலாரம் அடிக்காமல் இல்லை; திரும்பத் திரும்ப அடித்தது. ஆனால் அது வேறு பெட்டியில் போடப்பட்டது. குழாயில் எண்ணெய் இடையில் அறுந்து, நடுவில் ஆவி புகுந்து நிற்பது உண்டு. மேடு பள்ளமான பாதையில், பம்பை நிறுத்தும்போது சகஜமாக நடப்பது. இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். அதைச் சரிசெய்ய என்ன வழி? இன்னும் பம்ப் செய்வது. இரண்டு தடவை மறுபடி பம்பை ஓட்டினார்கள். வெளியே போன எண்ணெயில் பெரும்பகுதி, சுமார் 81 சதவீதம், அப்படி ஓட்டியபோது போனதுதான்.

17 மணி நேரம் கழித்து, உள்ளூர் எரிவாயு நிறுவன ஊழியர் ஒருவர் எண்ணெயை நேரில் பார்த்துப் போன் செய்த பிறகுதான் நிறுத்தினார்கள். கலமசூ ஆற்றுப் படுகைக்குள் போனது 8,43,000 கேலன், நம்ம கணக்கில் 30 லட்சம் லிட்டருக்கும் மேல். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் நாள் ராத்திரியே ஊர் ஜனங்கள் நாற்றம் அடிக்கிறது என்று அவசர எண்ணுக்குப் போன் செய்திருந்தார்கள். தீயணைப்புக்காரர்களும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போய்விட்டார்கள். மூக்குக்கு வந்த சிக்னலும் ஸ்கிரீனுக்கு வந்த சிக்னலும் ஒரே இடத்தில் சேரவே இல்லை.

அலாரம் அதிகம் இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்றும் நினைக்க வேண்டாம். 1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவனில் டெக்சாகோ சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 10.7 நிமிஷத்தில், இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைக் கவனித்துச் செயல்பட வேண்டியிருந்தது. நிமிஷத்துக்கு 25. யாரால் முடியும்?

நம்ம தண்டையார்பேட்டை

பெரிய கிழிசலை விடுங்கள். அழுத்தத்தில் தெரியவே தெரியாத சின்னக் கசிவு இன்னொரு வகை. 2013இல் தண்டையார்பேட்டை வரதராஜப் பெருமாள் கோயில் தெருவில் அடிபம்பிலும் போர் தண்ணியிலும் எண்ணெய் கலந்து வந்தது. துறைமுகத்தில் இருந்து வரும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கேயும் வெளியே தெரிந்த இடம் வீட்டுக்காரர்களின் பக்கெட்தான்.

ஏன் இப்படி என்பதற்கும் ஒரு கணக்கு. ஒரு குழாயில் மணிக்கு 1,000 கன மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் இருக்கிற மீட்டர்களின் துல்லியம் அரை சதவீதம். அதாவது, மணிக்கு 5 கன மீட்டர் கூடவோ குறையவோ காட்டினால் அது மீட்டரின் இயல்பு. அப்போ மணிக்கு 2 கன மீட்டர் ஒழுகினால்? மீட்டரின் சொந்தத் தடுமாற்றத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். 2 கன மீட்டர் என்பது 2,000 லிட்டர். ஒரு நாளைக்கு 48,000 லிட்டர். நாலைந்து டேங்கர் லாரி. கம்ப்யூட்டருக்குத் தெரியாது, நிலத்தடித் தண்ணிக்குத் தெரியும்.

இதனால்தான் கசிவு கண்டுபிடிப்பு அமைப்பு வைத்திருக்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், ‘இருக்கிறதா’ என்று கேட்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. எவ்வளவு சின்னக் கசிவை, எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கும் என்று கேட்க வேண்டும்.

கசிவைக் கற்றுக்கொடுக்கக் கசிவு எங்கே?

ஏஐ வந்துவிட்டதே, அதைப் போட்டால் ஆகாதா என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். ஆகும், ஓரளவு. ஆனால் பூனைப் படம் காட்டிக் கற்றுக்கொடுக்க லட்சக்கணக்கில் பூனைப் படம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட குழாய் கசிந்த தரவு எத்தனை இருக்கும்? நல்ல குழாய் என்றால் ஒன்றுகூட இருக்காது. அதனால் சிமுலேஷனிலேயே கசிவுகளை உருவாக்குகிறார்கள். நிழல் குழாயில் இங்கே ஒரு ஓட்டை, அங்கே ஒரு ஓட்டை, பெரிசு, சிறிசு, பம்ப் ஓடும்போது, நிற்கும்போது என்று ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, அந்த வடிவங்களை வகைப்படுத்தும் மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்தல். சிமுலேஷனில் வருவது பொறியாளர் நினைத்துப் பார்த்த கசிவு மட்டுமே. எண்ணூர் சம்பவத்தை ஆராயத் தமிழக அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு என்ன சொன்னது? மிக்ஜாம் புயலின் அலையில், குழாயைச் சுற்றிப் போட்டிருந்த கருங்கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது. காப்பாற்றப் போட்ட கல்லே இடித்திருக்கிறது. இப்படி ஒரு காட்சி எத்தனை சிமுலேஷன் பட்டியலில் இருக்கும்? ‘புயல் போய் மூன்று வாரம் கழித்து, குழாயைக் குளிர வைக்கும் நேரத்தில், கரையை ஒட்டி’ என்று யார் எழுதி வைத்திருப்பார்?

கடற்கரைக் குப்பத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். எந்த அலை எந்தக் கல்லைத் தூக்கும் என்பது தூண்டில் வளைவும் கடலரிப்பும் பார்த்துப் பழகிய ஜனங்களுக்குத் தெரியாத விஷயமா? வர்தா 2016இல் வந்தது, மிக்ஜாம் 2023இல் வந்தது. இந்தக் கரையில் புயல் என்பது அபூர்வ நிகழ்வே கிடையாது. ஒவ்வொரு பெரிய புயலுக்கும் பிறகு குழாயைச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த கப்பல் என்று ஒரு விதி இருந்தால், அதற்கு எந்த ஏஐயும் வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகும் வேலை இருக்கிறது

சரி, கசிவு என்று தெரிந்துவிட்டது. உடனே வால்வை மூட வேண்டியதுதானே? அதிலும் ஒரு கண்ணி. ஓடுகிற திரவத்தைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகமெல்லாம் அழுத்தமாக மாறித் திருப்பி அடிக்கும். வீட்டில் குழாயைப் படக்கென்று மூடும்போது சுவருக்குள் ‘டொக்’ என்று சத்தம் கேட்குமே, அதேதான். ரஷ்ய விஞ்ஞானி நிகொலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ தண்ணீர்க் குழாய்களை வைத்து 1890களிலேயே இதற்குச் சூத்திரம் கொடுத்துவிட்டார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் எண்ணெயைத் திடீரென்று நிறுத்தினால் சுமார் 8.5 பார் அழுத்தம் கூடும். கார் டயர் அழுத்தத்தைப் போல மூன்று நாலு மடங்கு. ஏற்கெனவே பலவீனமான குழாய் என்றால் கிழிசல் பெரிதாகலாம். எந்த வால்வை, எவ்வளவு நொடியில், எந்த வரிசையில் மூடுவது, கப்பல் பம்ப் எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்து, தானியங்கியாக வைத்திருக்க வேண்டும். கண்ட்ரோல் என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆபரேட்டர் யோசித்து முடிவு செய்யக் கூடிய விஷயம் இல்லை.

எண்ணூர் குழுவும் பழைய குழாயை மாற்றி, நவீன கண்காணிப்புக் கருவிகளோடு புதுக் குழாய் போடச் சொன்னது. 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு வசூலிக்கவும் பரிந்துரைத்தது. இரண்டும் வேண்டியதுதான். எனக்குக் குறையாகத் தெரிவது வேறு.

கரைக்கு வராத அலாரம்

கசிவு அடைக்கப்பட்ட பிறகு வாரியம் அளந்த எண்கள் நமக்குக் கிடைத்தன. தொழிற்சாலை வாசலில் காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா; 24 மணி நேர சராசரிக்கான வரம்பு 400. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால் 2,090 மைக்ரோகிராம் என்பது காற்றில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. மனிதர் மயங்கி விழுகிற அளவு அதைவிட எத்தனையோ மடங்கு. அப்படியென்றால் ஜனங்கள் ஓடிய அந்த நிமிஷத்தில் குப்பத்துத் தெருவில் எவ்வளவு இருந்தது? அந்த நொடியை அளக்கும் கருவி தெருவில் இருக்க வேண்டும். நாலு மணி நேரம் கழித்து வரும் வேனில் இருந்தால் போதாது.

அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று ஒரு ஆறுதல் சொல்வார்கள். குளிர்ந்த திரவமாகக் கசிந்தால் அது முதலில் மேலே போகாது. நுண்துளிகளும் ஈரக் காற்றும் கலந்து, கனத்த புகையாகத் தரையோடு தவழும். தரையில் பாய் போட்டுத் தூங்குகிற வீடுகளுக்கு அதன் அர்த்தம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

2024 அக்டோபர் 25. திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தொண்டை எரிச்சல், வாந்தி, மயக்கம். முப்பதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளியை மூடி, நவம்பர் 4ஆம் தேதி திறந்தார்கள். அன்றைக்கும் சிலர் மயங்கினார்கள். பேரிடர் மீட்புப் படை வந்தது, வாரியத்தின் நடமாடும் ஆய்வு வண்டி வந்தது. எங்கிருந்து என்ன வாயு வந்தது என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. காலடிப்பேட்டை பெற்றோர் பலருக்கு அந்த வாரம் மறக்காது. சில நிமிஷம் வந்து போகிற சிக்னலை, மணிக்கணக்கு கழித்து வரும் கருவியால் பிடிக்க முடியாது. ‘ஒன்றும் இல்லை’ என்று கருவி சொன்னால், ‘இப்போது ஒன்றும் இல்லை’ என்றுதான் அதற்கு அர்த்தம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளின்படி, ஆலைக்குள் என்ன செய்வது என்ற திட்டம் நிறுவனத்தின் பொறுப்பு. ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டம் அரசுத் தரப்பின் பொறுப்பு. பாதிக்கப்படக் கூடிய ஜனங்களிடம் ஆபத்து என்ன, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். போபாலுக்குப் பிறகு எழுதப்பட்ட விதிகள் இவை. நீங்கள் வடசென்னைக்காரர் என்றால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்: அமோனியா நெடி வந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும், ஈரத் துணியால் மூக்கை மூட வேண்டும் என்று உங்களிடம் இதுவரை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

தொழில்நுட்பம் இல்லாத குறையா என்றால் அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் ஒரு நாள் நம்ம போன்கள் எல்லாம் திடீரென்று அலறியது ஞாபகம் இருக்கும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சோதனை எச்சரிக்கை. ஒரு குறிப்பிட்ட பகுதியின் செல் கோபுரங்களில் இணைந்திருக்கிற போன்களுக்கெல்லாம், நம்பர் தெரியாமலே, ஒரே நேரத்தில் அனுப்பக் கூடிய வசதி அது. ஆபீஸில் எல்லாரும் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தோம். எண்ணூர் கசிவு அதற்கு இரண்டு மாதம் கழித்து. அந்த ராத்திரி ஊரை எழுப்பியது நெடிதான் என்பதை, மறுநாள் செய்திகளில் பேசிய ஜனங்கள் சொன்னார்கள்.

ஆலையின் கண்ட்ரோல் ரூமில் ‘கசிவு’ பெட்டியில் ஒரு சிக்னல் விழுந்த அதே நொடியில், அந்தக் குப்பத்தில் ஒரு சைரனும் அந்தக் கோபுரங்களின் கீழ் இருக்கும் போன்களும் அடிக்க வேண்டும். நடுவில் மேலாளர், நிறுவனத் தலைமையகம், அதிகாரி என்று படியேறி இறங்கக் கூடாது. பொய் அலாரம் வந்தால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்று ஒரு வாதம் வரும். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. மேலே போட்ட கணக்கே அதைத்தான் சொல்கிறது, அடிக்கடி பொய்யாக அடித்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் வருஷத்துக்கு எத்தனை பொய் அலாரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எவ்வளவு கசிவைத் தவறவிடலாம் என்ற முடிவை இப்போது நிறுவனமும் மென்பொருள் விற்பவரும் சேர்ந்து எடுக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை சும்மா எழுந்து கடற்கரைச் சாலை வரை நடந்துவிட்டு வருவதற்குப் பெரியகுப்பம் சம்மதிக்கலாம். அதைப் பெரியகுப்பத்தில்தான் கேட்க வேண்டும்.

துறைமுகத்தில் இருந்து மணலிக்குப் போகும் கச்சா எண்ணெய்க் குழாய் உட்பட, இந்தப் பகுதியில் மண்ணுக்கடியில் ஓடுகிற குழாய்கள் நிறைய. புதுக் குழாய்க்கும் ஆலை விரிவாக்கத்துக்கும் அவ்வப்போது கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அடுத்த தடவை உங்கள் பகுதியில் நடந்தால் லீவு போட்டுவிட்டாவது போங்கள். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம், மைக்கில் நாலு கேள்வி போதும். உங்கள் அமைப்பு கண்டுபிடிக்கக் கூடிய மிகச் சிறிய கசிவு மணிக்கு எத்தனை லிட்டர்? அதற்கு எத்தனை நிமிஷம் எடுக்கும்? நிஜமாகவே கொஞ்சம் திரவத்தைக் குழாயில் இருந்து வெளியே எடுத்து, அலாரம் அடிக்கிறதா என்று கடைசியாகச் சோதித்தது எந்தத் தேதி? அந்த அலாரம் அடித்தால், என் தெருவில் எது அடிக்கும்?